நாற்பத்தைந்து சுற்று

சவுதியில், தம்மாமில் எங்கள் அறைக்கு இரண்டு விதமான மின்சாரம் வந்தது. விளக்குகளுக்கு நூற்றுப் பத்து வோல்ட். ஜன்னலில் மாட்டியிருந்த ஏ.சி.க்கு மட்டும் இருநூற்று இருபது. நான் ஊரிலிருந்து சுமந்து போன ரெக்கார்டு பிளேயர் இருநூற்று இருபதில்தான் ஓடும். ஆகவே நான் ஒரு பாட்டுக் கேட்க வேண்டுமானால் ஏ.சி. பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். எட்டுப் பேர் குடியிருந்த தகர அறை அது. வெளியே ஜூன் மாத வெயில்.

வெள்ளிக்கிழமை லீவு. அன்று காலையில் ஒரு பாட்டு, இசைத்தட்டின் ஒரே ஒரு பக்கம் என்று அறையில் பேசி முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் மூன்றரை நிமிடம். அதற்குள் தகரம் காய்ந்து, படுத்திருப்பவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

“ஏலே, ஒம் பொண்டாட்டி பாடி முடிக்கதுக்குள்ள நாங்க வெந்து எறங்கிருவோம்” என்பார் கீழ்க்கட்டிலில் இருந்த கோவில்பட்டிக்காரர். சொல்வாரே தவிர, ஒரு வெள்ளியும் தடுத்ததில்லை.

பாடியது என் மனைவி. அவள் மட்டுமல்ல, ஆறு பெண்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதம் கோயிலைச் சுற்றிப் பாடிக்கொண்டு போகும் கூட்டத்தில் இருந்தவர்கள். ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெருமாள் பக்தர், அவர்களை மதராஸுக்கு ரயிலில் அழைத்துப் போய் ஒரு சின்னத் தட்டு போட்டுக் கொடுத்தார். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓட வேண்டிய தட்டு. முதல் பக்கத்தின் நடுவில் ஐந்து பேர் நிறுத்திக்கொள்ள, ஒருத்தி மட்டும் இரண்டு வரி பாடுவாள். அந்த ஒருத்திதான் என் மனைவி.

அவளைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தட்டை நான் நூறு தடவையாவது போட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பம்பாயில் ஓட்டலில் மேஜை துடைத்து, குண்டூர் பக்கம் லாரியில் கிளீனராக அலைந்து, ஒரு காய்ச்சலோடு ஊர் திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, ஆடித் தேர் என்று எங்கே கூப்பிட்டாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுத் தட்டுப் போடுவது என் வேலை. அந்த இரண்டு வரி வரும்போது மட்டும் வேறு வேலை பார்க்க மாட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கடை முதலாளி ஒரு சம்பந்தம் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில்தான், பாடியது இவள் என்று தெரிந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை, சரி என்றேன்.

கல்யாணமாகி ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நாலு மாதம் இருந்தோம். வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் புருஷனிடம் நின்று பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. எனக்கும் அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. பாடச் சொன்னால், “அதான் தட்டுல இருக்குல்லா” என்று போய்விடுவாள். எண்பதுகளின் நடுவில் கடையில் கேசட் வந்தது. தட்டுப் போடுகிறவனுக்கு வேலையில்லை. விசா வந்தது, கிளம்பிவிட்டேன்.

பாட்டைக் கேசட்டில் ஏற்றிக் கொண்டு போ என்று கடை முதலாளி சொன்னார். என் வேலையைத் தின்ற சாமான் அது, எனக்கு வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஒரு பழைய பிளேயரையே கையில் கொடுத்துவிட்டார். அதை வேட்டிகளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துத்தான் விமானம் ஏறினேன்.

தம்மாமில் முதல் நாள் அதை விளக்குக்கு உள்ள பிளக்கில் சொருகினேன். தட்டு அசையவில்லை, மோட்டார் முனகியது. எனக்கு அது புதிதல்ல. எங்கள் ஊரில் சாயங்காலம் மில்லும் தோட்டத்துப் பம்பு செட்டும் சேர்ந்து ஓடும்போது பல்பு ஆரஞ்சுப் பழம் மாதிரி எரியும். மில்காரன் கரண்டை இழுத்துவிட்டான் என்போம். அப்போது தட்டு தளரும். விளிம்பில் விரலை வைத்து லேசாகத் தள்ளிக் கொடுத்தால் ஓட ஆரம்பிக்கும். என் விரலுக்கு அது நன்றாகத் தெரியும். இங்கேயும் தள்ளினேன். ஓடவில்லை. பிறகுதான் ஏ.சி. பிளக்கைக் கண்டுபிடித்தேன்.

ஓடியது. ஆனால் ஆறு பெண்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கீச்சுக் குரலில், வரிசையில் ஓடிப் போவது போலப் பாடினார்கள். அறையில் ஒரே சிரிப்பு.

“பாடுதது ஒம் பொண்டாட்டியா, ஒம் பொண்டாட்டிக்கு மகளா?” என்றார் கோவில்பட்டிக்காரர்.

நானும் சிரித்தேன். ஆனால் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஊரில் கரண்ட் எப்போதுமே கம்மி. தட்டு எப்போதுமே தளர்ந்துதான் ஓடியிருக்கிறது. இங்கே பெட்ரோல் தேசம், முழுக் கரண்ட் வருகிறது. அப்படியானால் இதுதானே உண்மையான குரல்? இத்தனை நாள் ஊரில் நான் கேட்டதுதான் தவறோ? இதை யாரிடம் கேட்பது? அவளிடம் நான் அதிகம் பேசியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நாலு மாதத்தில் கேட்ட குரலை மனதில் கூப்பிட்டுப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மாவுக்குப் பதில் சொல்கிற குரல் அரைகுறையாக வந்தது. அதையும் இந்தக் கீச்சுக் குரல் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. நாலைந்து வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே போனால் அவள் எப்படிப் பேசுவாள் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

கரண்டைக் குறைத்தால் சரியாகும் என்று ஒரு ஃபேன் ரெகுலேட்டரை இடையில் போட்டேன். தட்டு கொஞ்சம் தளர்ந்தது, முனகியது, சூடான அரக்கு வாடை அடித்தது, நின்றுவிட்டது. நல்லவேளை, மோட்டார் கருகவில்லை.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தது. பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை ராவுத்தர் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. அவர் மகனும் சவுதியில்தான். என் வீட்டார் எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். அறையிலிருந்த ஒருவரின் டேப்பில் போட்டேன். அம்மா பத்து நிமிடம் அழுதாள். மாமா தன் மகனுக்கு விசா கேட்டார். தம்பிகள் ஆளுக்கு ஒரு சாமான் கேட்டார்கள். கடைசியில் அம்மா, “ஏட்டி, நீயும் ரெண்டு வார்த்த பேசேன்” என்பது கேட்டது. பிறகு தூரத்திலிருந்து, கதவுக்குப் பின்னால் நிற்பவள் போல, “எல்லாரும் நல்லா இருக்கோம். ஒடம்பப் பாத்துக்கிடுங்க.” அவ்வளவுதான். அது குரல்கூட இல்லை, வெறும் காற்று. அடுத்தவர் வீட்டில், அத்தனை பேர் நடுவில், அவள் வேறு என்ன பேசுவாள்?

பிளேயரில் வேகம் மாற்ற ஒரு சிறு பிடி உண்டு. நாற்பத்தைந்து சுற்றுத் தட்டை அதைவிடக் குறைந்த முப்பத்து மூன்றில் வைத்து ஓட்டுவது எங்கள் தொழிலில் சின்னப் பையன் செய்கிற தப்பு. கல்யாண வீட்டில் அப்படிச் செய்தால் மேளச்சத்தம் இழவு வீட்டுச் சத்தமாகிவிடும். அதனாலேயே அதைத் தொடாமல் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வெறுத்துப் போய் முப்பத்து மூன்றில் தள்ளினேன்.

நிதானமான, கனமான குரல். இரண்டு வரியையும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போல இருந்தது. ஊரில் சாயங்கால வேளையில் கோயில் வாசலில் நான் கேட்ட அதே குரல். கோவில்பட்டிக்காரர், “அடுத்த பக்கத்தையும் போடுலே, வேர்த்தா வேர்க்கட்டும்” என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் குரலோடு இருந்தேன். அவள் கடிதம் வந்தால் அந்தக் குரலில்தான் வாசித்துக்கொள்வேன். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது, அம்மாவுக்கு முட்டுவலி, எதை எழுதியிருந்தாலும் அந்த நிதானத்தில்தான் காதில் விழும். கட்டட வேலையில் ஒரு தடவை சாரத்திலிருந்து விழுந்து விலா எலும்பு விரிசல் விட்டுப் பதினெட்டு நாள் படுத்திருந்தேன். அப்போது மட்டும் தினம் ஒரு பக்கம் போட அறையில் அனுமதி கிடைத்தது.

அதன்பிறகு எங்கள் முகாமுக்கு ஒரு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் செட்டியார்பட்டி. மில்களில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை தட்டு ஓடும்போது வாசலில் நின்று கேட்டார். உள்ளே வந்து குனிந்து பார்த்தார். சிகரெட் அட்டையில் ஒரு துணுக்கைக் கிழித்து, தட்டை நிறுத்தச் சொல்லி, தட்டு உட்காரும் சக்கரத்தின் ஓரத்தில் ஒட்டினார். பிறகு ஒரு நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, துணுக்கு தன்னைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் எண்ணினார்.

“நாப்பது” என்றார். “இது நாப்பத்தஞ்சு சுத்துத் தட்டுல்லா? நாப்பதுல ஓட்டிட்டு இருக்க.”

“அண்ணாச்சி, நாப்பத்தஞ்சுல வச்சா புள்ளைக பாடுத மாதிரி கேக்கு. இங்க வோல்டேஜ் கூட.”

“வோல்டேஜ விடு. நம்மூர்க் கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ தெச மாறி வரும், அம்பது சைக்கிள். இங்க அறுவது. இந்த மாதிரி மோட்டாரு அந்தக் கணக்குலதான் ஓடும். நாப்பத்தஞ்சுல வச்சா அம்பத்தி நாலு சுத்தும். முப்பத்தி மூணுல வச்சா நாப்பது. ரெண்டுமே சரியில்ல.”

“அப்ப ஊர்ல நான் கேட்டது?”

“எப்பக் கேட்ட?”

“சாயங்காலம். கோயில் வாசல்ல.”

“அந்நேரம் மில்லு ஓடும். வோல்டேஜ் அம்புட்டும் எறங்கியிருந்தா அதுவும் தளந்துதான் ஓடியிருக்கும்.”

“அப்ப இது அவ கொரல் இல்லையா?”

“அவ கொரல்தாம்லே. தூக்கத்துல பாடுதா.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை, தட்டும் போடவில்லை. ஒரு வருடமாக ஒரு குரலை வைத்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறேன். ஒருவர் வந்து சிகரெட் அட்டையை ஒட்டி அதைப் பிடுங்கிவிட்டார். மூன்றாவது வாரம், கிணற்றில் விழுந்தவன் கயிற்றைக் கேட்பது போல நானே போய், “சரி பண்ண முடியுமா அண்ணாச்சி?” என்றேன்.

பிளேயருக்குள் மோட்டார் தண்டில் படிப்படியாக ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு படி. நாற்பத்தைந்துக்கான படியை ஆறில் ஒரு பங்கு மெலிதாக்கினால் போதும், இந்த ஊர்க் கரண்டில் சரியாக ஓடும் என்றார். கடைசல் பட்டறைக்கு எங்கே போவது? மோட்டாரை ஓடவிட்டு, சின்ன அரத்தைப் பித்தளையில் தொட்டும் தொடாமலும் வைத்துத் தேய்க்க வேண்டும்.

“ஒண்ணு சொல்லிருதேன்” என்றார். “தேச்சது தேச்சதுதான். கூடப் போச்சுன்னா ஒட்ட முடியாது. அப்பொறம் என்னையக் கொற சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லுவ. இருந்தாலும் கேட்டு வச்சுக்கிடுதேன்.”

மூன்று வெள்ளிக்கிழமை ஆனது. ஒவ்வொரு தடவையும் ஏ.சி. நின்றால்தான் மோட்டார் ஓடும். முதல் நாள் அரைமணி நேரத்தில் எட்டுப் பேரும் பனியனைக் கழற்றிவிட்டார்கள். அண்ணாச்சி தேய்ப்பார், நிறுத்துவார், சக்கரத்தை மாட்டுவார், துணுக்கைப் பார்த்து எண்ணச் சொல்வார். ஆரம்பத்தில் நான் மட்டும் எண்ணினேன். பிறகு எல்லோருமே எண்ண ஆரம்பித்தார்கள். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து ஒன்று. ஐம்பது. வியர்வை சொட்டச் சொட்ட எட்டுக் குரல் சேர்ந்து எண்ணும். அடுத்த அறைக்காரர்கள் சீட்டாட்டம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தேழுக்கு வந்ததும் அண்ணாச்சி அரத்தைக் கீழே வைத்துவிட்டு, நைசாகத் தேய்க்கும் எமரித் தாளை எடுத்தார். நாற்பத்தாறு. எமரித் தாளை விரல் நுனியால் மட்டும் தொட்டு எடுத்தார். எண்ணினோம். நாற்பத்தைந்து. இன்னொரு தடவை எண்ணினோம். அதே நாற்பத்தைந்து.

“போதும்” என்று கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். “போடு உம் பாட்ட.”

போட்டேன். ஆறு பேரும் பாடினார்கள். சாதாரணப் பெண்கள், தெருவில் பார்க்கிற பெண்கள். ஐந்து பேர் நிறுத்தினார்கள். அவள் ஆரம்பித்தாள். குழந்தை இல்லை, நான் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் கனமான குரலும் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் கொஞ்சம் அவசரமாக, தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் ஓடினாள். இரண்டாவது வரியின் நடுவில் மூச்சு முட்டி, ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். மற்ற இரண்டு வேகத்திலும் எனக்கு அது கேட்டதே இல்லை. அவளுக்குப் பயம். முன்பின் பார்க்காத மதராஸில், ஒரு பூட்டிய அறையில், மைக்குக்கு முன்னால் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் தனியாக வாயைத் திறக்கப் பயப்படுகிற பெண். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. இவளோடு நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

அந்த வருடம் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பினேன். மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்தக் கரண்டுக்கென்று தேய்த்த பிளேயர் ஊரில் உதவாது என்பதால் அண்ணாச்சியிடம் விட்டுவிட்டுத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் வீட்டு வாசலில் இறங்கினேன். அவள் கையில் முறத்தோடு வந்து, “வாங்க. மதுரையில ஏதும் சாப்ட்டியளா, வெறும் வயித்தோடயா வாரிய?” என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் பேசியபோது எந்த எண்ணும் ஞாபகத்துக்கு வரவில்லை. இன்னும் ஏதாவது பேச மாட்டாளா என்று இருந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் ஒரு பேச்சோடு முடிந்துவிடுமே என்று, “சாப்பிடல. என்ன இருக்கு?” என்றேன். என்னென்ன இருக்கிறது என்று சொன்னாள். கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் இருந்தேன். வெள்ளைப்பூண்டுக்காரனிடம் அவள் பேரம் பேசுவதை உள்ளே உட்கார்ந்து கேட்பேன். ஒரு மத்தியானம் அம்மா வெளியே போயிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஏ.சி. பிளக், கீச்சுக் குரல், நாற்பது சுற்று, அரம், எட்டுப் பேர் சேர்ந்து எண்ணியது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அம்புட்டுப் பேருமா கேட்டாங்க?”

“ஒரே ரூம்லா. வேற எங்க போய்க் கேக்க?”

“மூணு வருசமும்?”

“வெள்ளிக்கிழம மட்டுந்தான். ஏன், ஆடித் தேருக்கு ஊரே கேட்ட பாட்டுதான?”

“அது சாமிக்குப் பாடுனது” என்றாள். “கரண்டப் புடுங்கி வச்சு, ஒங்க பொண்டாட்டின்னு சொல்லிக் கேட்டிய பாருங்க, அது வேற. ராவுத்தர் வீட்டுல நாலு பேரு முன்னால பேச முடியாம கதவுக்குப் பின்னால நின்னேன். நீங்க அங்க எட்டுப் பேர உக்கார வச்சு எம் மூச்ச எண்ணியிருக்கிய.”

மூச்சை எண்ணவில்லை, சுற்றைத்தான் எண்ணினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது தடவை கிளம்பும்போது பெட்டியில் தட்டைக் காணோம். கேட்டேன்.

“தட்டு இங்கயே கெடக்கட்டும்” என்றாள். “கொரல் வேணும்னா வந்து கேட்டுக்கிடுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. இட்லிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

தம்மாமில் அதே அறை, அதே ஆட்கள். “தட்டு எங்கலே?” என்று கோவில்பட்டிக்காரர் கேட்டார். உடைந்துவிட்டது என்றேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிளேயரைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். அது அங்கேயே கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஏ.சி. நிற்காமல் ஓடியது. எல்லோரும் சுகமாகத் தூங்கினார்கள். நான் மட்டும் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, வாசலில் அவள் முறத்தோடு கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பேன். ஆறேழு மாதம் நன்றாகக் கேட்டது. பிறகு சொற்கள் மட்டும் இருந்தன, குரல் இல்லை.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் பதினோரு மாதம் முடிந்திருந்தது. போர்மேனிடம் போய் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். குரல் கேட்க என்றா சொல்ல முடியும், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். யாருக்கு என்றார். கொஞ்சம் யோசித்து, அம்மாவுக்கு என்று சொன்னேன்.